பதினோராம் பகுதி

"ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா? என்ன பரீட்சையா எழுதுற?" என்றாள் மாமியார்.

சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு தாள் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று மாமியார் அதன் நான்கு மூலைகளிலும் நான்கு தம்ளர்களை வைத்திருந்தாள். ஐந்தாவது மூலை என்று ஒன்று இருந்திருந்தால் அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்திருப்பாள். வக்கீல் அடித்துக் கொடுத்த பிரிவு மனு அது. கணவன் மனைவி இருவரும் சம்மதித்துப் பிரிகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. மகன் முந்தின நாளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மருமகள் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

மருமகள் பேனாவைப் பிடித்திருந்தாள். மூடியைக் கழற்றவில்லை.

ஏழு வருடக் கல்யாணம். மூன்று முறை வயிற்றில் பிள்ளை தங்கியது. மூன்று முறையும் நான்காம் மாதத்தைப் பார்க்காமல் போனது. அந்தத் தெருவில் இருப்பது முப்பத்தாறு வீடு, ஆனால் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் நாற்பதுக்குக் குறையாது. வேகமாக நடக்கிறாள் என்றார்கள். மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறுகிறாள் என்றார்கள். எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர், அவள் சிரிக்கும் சத்தம் தன் வீட்டுச் சுவரில் விரிசல் விழச் செய்ததாகச் சொல்லி, சுவரே தாங்காதபோது பிள்ளை எப்படித் தாங்கும் என்று கேட்டார். கடைசி வீட்டுக்காரிக்கு அவளுடைய பாதத்தின் அளவில் சந்தேகம். சரியான காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தத் தெரு கண்டுபிடித்துவிட்டது.

முதல் முறை மாமியார் அழுதாள். இரண்டாம் முறை அழவில்லை. மூன்றாம் முறை, மருத்துவமனைக் கட்டிலில் மருமகள் கண் விழிப்பதற்குள் வாசலில் நின்று, "விளங்காத வயிறு" என்று யாரிடமோ சொன்னாள். கட்டிலில் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே அதைக் கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு வருடமாக அவள் சத்தமாகச் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுச் சுவருக்கு அது நல்லதாகப் போயிற்று.

மகன் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேதிப்பொருள் ஆய்வகம் ஒன்றில் அவனுக்கு வேலை. ஊர் அவனுக்கு வைத்த பெயர் லேபிள்காரன். ஆய்வகத்துக்கு வருகிற ஒவ்வொரு பொருளோடும் பதினாறு பகுதிகள் கொண்ட தகவல் தாள் ஒன்று வரும். அதைப் படித்து, இது எரியுமா, தோலை அரிக்குமா, குடித்தால் கொல்லுமா, சத்தமில்லாமல் உள்ளே போய் வருடக்கணக்கில் வேலை காட்டுமா என்று வகை பிரித்து, நம் மொழியில் எழுதிக் கோப்பில் வைத்து, பாத்திரத்தின்மேல் அதற்குரிய படத்தை ஒட்ட வேண்டும். நெருப்பு, மண்டை ஓடு, சொட்டு விழுந்து கரைகிற கை, நெஞ்சுக்குள் நட்சத்திரம் வெடித்த மனிதன் என்று படங்கள் பலவகை. வகை பிரிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வீட்டு உப்பு ஜாடியில்கூட "கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒட்டிவைத்தவன். ஒட்டாமல் விட்டது அம்மாவின் முதுகில் மட்டும்தான். அதற்கு எந்தப் படம் பொருத்தம் என்று அவனால் முடிவுக்கு வர முடியவில்லை போலும்.

மருமகளுக்கும் அதே ஆய்வகத்தில்தான் வேலை. ஆறு வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறாள்.

கழுவுவதில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதாத வழக்கம். ஆனால் எழுதிய சட்டங்களைவிடக் கெட்டியானது. புகைகிற அமிலம், பட்டால் சுடுகிற காரம் எல்லாம் ஆம்பளை வேலை. அதற்கு முழங்கை வரை கையுறை, முகமூடி, யானைக்கே போதுமான ரப்பர் அங்கி. சுடாதது, புகையாதது, மூக்குக்கு இதமாக இருப்பது எல்லாம் பொம்பளை வேலை. அதற்கு வெறுங்கை. குடுவையில் ஒட்டிய பிசினைக் கரைக்கிற திரவம் ஒன்று தொட்டியில் இருக்கும். தண்ணீர்போலத் தெளிவாக, லேசான இனிப்பு வாசனையோடு. அதற்கு அங்கே "வாசனைத் தண்ணி" என்று பெயர். மருமகளும் இன்னும் இரண்டு பெண்களும் நாள் முழுக்க அதில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கென்னம்மா, வாசனைத் தண்ணியில கை நனைச்சுக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருக்கீங்க" என்று அமிலம் கழுவுகிற ஆண்கள் கேலி செய்வார்கள். ராணிகளும் சிரிப்பார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ட்ரம்மில் நெருப்புப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதனால் அந்தப் பக்கம் யாரும் தீக்குச்சி கிழிப்பதில்லை. அவ்வளவுதான் ஆபத்து என்று எல்லோரும் நம்பினார்கள்.

"புதுசாப் பார்த்திருக்கிற பொண்ணு வீட்டுக்காரங்க எத்தனை நாள் காத்திருப்பாங்க?" என்றாள் மாமியார். "நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவ இல்ல. உங்க அக்கா வீட்டுல உனக்கு இடம் இருக்கு. என் புள்ளைக்கு ஒரு வாரிசு வேணாமா? நீயே சொல்லு."

"அத்தை, நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"தப்புன்னு நான் சொன்னேனா? சில பேரு உடம்பு அப்படி. காய்க்காத மரத்தைப் போய் யாராவது திட்டுவாங்களா?"

"மூணு தடவை காய்ச்சுது அத்தை."

மாமியாருக்கு ஒரு கணம் வாயடைத்தது. அந்த வாய் அடைபடுவது அபூர்வம். பார்ப்பதற்கு ஊரைக் கூட்டியிருக்கலாம். ஆனால் அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்துவிட்டாள்.

நாத்தனாருக்கு இது மூன்றாம் மாதம். அவளுக்குப் பின்னால் வந்த வெயிலையே மாமியார் விசிறியால் விரட்டினாள். "பார்த்து வா கண்ணு. வாசப்படி. மெதுவா. இந்த நாற்காலி வேணாம், ஆடும். அதுல உக்காரு." ராணுவ மரியாதை ஒன்றுதான் குறை.

"அம்மா, நான் என்ன கண்ணாடியா?" என்று சிரித்தபடி உட்கார்ந்தவள், மேசைமேல் இருந்த தாளைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள். "அண்ணி..." என்றாள்.

"நீ சும்மா இரு. நல்ல சேதி சொல்லத்தான் உன்னை வரச் சொன்னேன்" என்றாள் மாமியார். "உன் வீட்டுக்காரரு வேலை பாத்த கம்பெனிய மூடினதுலேர்ந்து நீ படுற பாட்டை நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நேத்து லேபுக்குப் போயிப் பெரிய கெமிஸ்டைப் பாத்தேன். இவ வேலைய விட்டுப் போறா இல்ல, அந்த இடத்தை உனக்குத் தரேன்னுட்டாரு. நாளைக்கே வந்து சேரலாமாம்."

"எனக்கா? மாசமா இருக்கேனேம்மா."

"அதனாலதான்டி! உக்காந்த இடத்துல வேலை. தூக்குறது இல்ல, நிக்கிறது இல்ல. ஏதோ வாசனைத் தண்ணியாம், கையை விட்டு அலசினாப் போதுமாம். புள்ளத்தாச்சிக்குன்னே செஞ்சு வச்ச வேலை மாதிரி..."

"வேணாம்!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. லேபிள்காரன் எழுந்து நின்றான். ஏழு வருடத்தில் அந்த மேசையில் அவன் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. பக்கத்து வீட்டுக் குக்கரே ஒரு விசிலை நிறுத்திவைத்துக் காது கொடுத்திருக்கும்.

"அவளை அங்க அனுப்பாதம்மா. அந்தத் தொட்டியில கையை வைக்கவே கூடாது. வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாது அது. தோல் வழியாவே உள்ள போயிடும். கலைஞ்சிடும்மா!"

நாத்தனாரின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது லேபிள்காரனுக்குக் கேட்டது. அவன் குனிந்து, விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினான். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"என்னங்க" என்றாள் மருமகள். குரலில் கோபம் இல்லை. கடைக்காரரிடம் விலாசம் கேட்பதுபோல் கேட்டாள். "இது எங்க எழுதியிருக்கு?"

"தகவல் தாள்ல."

"எந்த இடத்துல?"

"பதினோராம் பகுதி. உடம்புக்கு என்ன செய்யும்ங்கிற இடம்." அவன் தொண்டையைச் செருமினான். "கருவிலுள்ள குழந்தைக்குச் சேதம் விளைவிக்கக்கூடும்னு."

"நீங்கதானே எழுதுனீங்க?"

"நான்தான்."

"எப்போ?"

"அந்தப் பெரிய இன்ஸ்பெக்‌ஷன் வந்துச்சே... அதுக்கு முன்னாடி. எல்லாத் தாளையும் புதுசா எழுதச் சொன்னாங்க."

மருமகள் கணக்குப் போடவில்லை. அதற்கு அவசியமே இல்லை. அந்த மாதம் அவள் உடம்பில் எழுதியிருந்தது. "மூணாவது அப்போ என் வயித்துல இருந்தது" என்றாள். "ரெண்டு மாசம். தினமும் பஸ்ஸுல உங்க பக்கத்துலதான் உக்காந்து வந்தேன். ஜன்னலோரம் எனக்குக் குடுப்பீங்க, காத்து வரட்டும்னு."

"நான் ஒட்டத்தான் போனேன். அந்த நட்சத்திரப் படத்தைக் கையில எடுத்துட்டுத்தான் போனேன்" என்றான் அவன். வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "பெரிய கெமிஸ்ட் விடலை. இதை ஒட்டினா நாளைக்கு ஒருத்தியும் தொட்டியில கை வைக்க மாட்டா, அப்புறம் நீயும் நானுமா கழுவுறதுன்னாரு. கோப்புல எழுதியாச்சு இல்ல, இன்ஸ்பெக்டருக்கு அது போதும், ட்ரம்முல நெருப்பு இருந்தாப் போதும்னாரு. எனக்கு அப்பத்தான் வேலை நிரந்தரம் ஆகிற நேரம்..."

"ட்ரம்முல ஒட்ட விடலை. சரி. வீட்டுல சொல்றதுக்கு யாரு தடுத்தா?"

"சொன்னா நீ போய் மத்தவங்ககிட்டச் சொல்லுவ. உனக்கு வாயி சும்மா இருக்காது." மெதுவாகச் சேர்த்தான்: "அதுவும் 'கூடும்'னுதான் போட்டிருந்துச்சு. கண்டிப்பா ஆகும்னு போடலை. ஆகாமலும் போகலாம்னு நினைச்சேன்."

"உங்க தங்கச்சிக்கும் அதே 'கூடும்'தானேங்க?"

தங்கைக்காக அவனுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. மனைவிக்காக இரண்டு வருடம் போதவில்லை.

மாமியார் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாள் தெருத்தெருவாகச் சுமந்த ஒரு குற்றச்சாட்டு கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்திருந்தது. வலித்திருக்க வேண்டும், ஒரு நிமிடம் அவள் முகம் நிஜமாகவே வாடியது. மருமகளின் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் தோல் வெளுத்து, சுருங்கி, வயதில் இருபது கூடுதலாகத் தெரிந்த கைகள். ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு கண் தானாக மகளின் பக்கம் போயிற்று. நெஞ்சில் கை வைத்து, பெரிதாக மூச்சு விட்டாள்.

"நல்ல வேளை" என்றாள். "நம்ம பொண்ணு தப்பிச்சா."

"அம்மா!" என்றாள் நாத்தனார்.

"என்னடி? தப்பா என்ன சொல்லிட்டேன்?" அப்போதுதான் மாமியாருக்கு மற்றவள் ஞாபகம் வந்தது. திரும்பி, தம்ளர் ஒன்றை லேசாக நகர்த்தி, தாளைப் பாதி விடுவித்தாள். "சரி விடும்மா. தெரியாம நடந்து போச்சு. அந்த வேலைய விட்டுத் தொலை. இன்னொரு ஆறு மாசம் பார்ப்போம். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன். நிக்குதான்னு பார்ப்போம். நின்னா நீ இங்கயே இருந்துக்கோ."

லேபிள்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுமா என்கிற நம்பிக்கை.

மருமகள் பேனா மூடியைக் கழற்றினாள்.

மனுவின் நடுவில் காரணம் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே, "மனைவிக்குக் குழந்தை தங்கவில்லை" என்று லேபிள்காரன் கைப்பட நிரப்பியிருந்தான். மருமகள் அந்த மூன்று சொற்களின்மேல் ஒரு கோடு இழுத்தாள். அவசரமில்லாமல், நேராக. மேலே இருந்த இடத்தில் தன் கையெழுத்தில் இரண்டே சொற்கள் எழுதினாள்: தெரிந்தும் சொல்லவில்லை. பிறகு கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள். பேனாவை மூடித் தாளின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் மாமியார்.

"தொட்டியில இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க அத்தை. ஒருத்திக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. இங்கேர்ந்து ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

"இன்னைக்கு லீவு நாளு. நாளைக்குச் சொல்லிக்கக் கூடாதா?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அவ கையை விட்டுடுவா" என்று சொல்லிவிட்டு மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். லேபிள்காரன் வாசல்வரை போனான், "இரு" என்றான். அவள் திரும்பவில்லை. வெயிலில், எப்போதும்போல வேகமாகத்தான் நடந்தாள். தெரு பார்த்தது.

மாமியாருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. தாளை எடுத்துத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். கோடு புரிந்தது; மேலே இருந்தது புரியவில்லை. மகளிடம் நீட்டினாள். நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலிலிருந்து திரும்பி வந்த அண்ணன் பக்கமாகத் தாளைத் தள்ளினாள்.

"என்னடா எழுதிட்டுப் போயிருக்கா?"

ஊரில் உள்ள விஷத்தையெல்லாம் படித்துச் சொல்கிறவன் அந்த இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன்னைத்தான்டா கேக்கிறேன்" என்றாள் அம்மா. "படிடா."