பஸ்ஸில் போன அனுமதி

ஏற்காட்டு மலையிலுள்ள மாரமங்கலத்தில் போனில் பேசலாம்; வீடியோ அனுப்ப முடியாது. அனுப்ப வேண்டியவர்கள் பஸ் கண்டக்டர் மாதப்பனிடம் போனைக் கொடுத்தனுப்புவார்கள். ஏற்காட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஃப்சானா தன் வைஃபையில் அதைச் சேர்த்து, வீடியோ கிளவுடில் ஏறியதும் லிங்க்கை உரியவருக்கு அனுப்பிவிட்டு, போனை அடுத்த டிரிப்பில் ஏற்றிவிடுவாள். காசு வாங்கமாட்டாள்.

அன்று காலை சிவரஞ்சனியும் அப்படித்தான் அனுப்பினாள். சேலத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலைக்காக அவள் பாடம் நடத்தி எடுத்த வீடியோ நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலை இன்னொருவருக்கு.

மூன்று மணிக்குப் பிறகு, தன் போன் கையில் இல்லாததால் அவள் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுக் கண்ணம்மாளின் எண்ணுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

"லிங்க்கைத் திறந்தா அனுமதி வேணும்னு வருதும்மா. பல தடவை கேட்டுட்டேன். நீங்க குடுக்கலையே."

அனுமதி கொடுக்க வேண்டிய போன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. சிவரஞ்சனி தன் எண்ணுக்கே அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் அதே குரல். காசு வாங்காமல் உதவிய அஃப்சானாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை; குறை சொல்ல ஆள் இல்லாதபோதுதான் எரிச்சல் அதிகமாகிறது.

"பொட்டியப் பூட்டி அனுப்பிட்டு, சாவிய பஸ்ல ஏத்திட்டியா கண்ணு?" என்றாள் கண்ணம்மாள்.

"சும்மா இருங்க அத்தை."

கடைசியில் மணி அடித்தது. மாதப்பன் எடுத்தார்.

"உன்ற போனு பத்திரமா இருக்குது சாமி."

"அண்ணா, பஸ்ஸ அங்கயே நிறுத்தச் சொல்லுங்க. இன்னும் தள்ளி வந்தா டவர் போயிருமுங்க."

விசில் கேட்டது. டிரைவர் முணுமுணுத்தார், ஆனால் நிறுத்தினார். சிவரஞ்சனி போனின் பூட்டைத் திறக்கும் எண்ணைச் சொன்னாள்.

"அனுமதி கேட்டு வந்திருக்குதுங்களா?"

"நாலஞ்சு வந்திருக்குது. எதை அமுக்கோணும்?"

"எல்லாத்துக்கும் சரின்னு அமுக்குங்கண்ணா."

"எனக்கு டிக்கெட் மிசினே தகராறு சாமி."

"ஏனுங்க, சீக்கிரம் அமுக்குங்க, ஊட்டுல மாடு கத்தீட்டு கெடக்கும்," என்று பஸ்ஸில் இருந்த ஒரு பெண் சொன்னது கேட்டது. பிறகு, "இப்படிக் குடுங்க, நானே அமுக்கறேன்," என்று அதே குரல். அத்துடன் இணைப்பு அறுந்தது.

அமுக்கினார்களா என்று தெரியவில்லை. சிவரஞ்சனிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கண்ணம்மாள் மலைச்சாமி சேர்வராயனை வேண்டிக்கொண்டாள்.

நான்கு அடிக்கச் சற்று முன்பு பள்ளியிலிருந்து அழைத்தார்கள். "திறந்துருச்சும்மா. பாத்துட்டுச் சொல்றோம்."

வேலை கிடைக்குமா என்பது இன்னும் அவர்கள் கையில். ஆனால் பஸ் தாமதமாக வந்து நின்றபோது, மாட்டுக்காரப் பெண் ஜன்னல் வழியே தலையை நீட்டி முதலில் கேட்டாள்:

"போய்ச் சேந்துச்சா கண்ணு?"