கம்பம்மெட்டு ரோட்டில் உட்கார்ந்தவள்

போடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையம்மாள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஜீப்பு கதைய மட்டும் எடுத்துராத ஆத்தா. ஒங் காலுல வேணாலும் விழுறேன்."

பாண்டீஸ்வரி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். ஏலக்காய் வியாபாரி பலவேசம், இறந்துபோன தன் ஒரே மகள் ஜெபஷீலாவின் நினைவாக, சமூக நீதியில் அக்கறையுள்ள பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுக்கிறார். இன்று அதற்கான நேர்காணல்; ஊருக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். தோட்ட வேலைக்குப் பெண்களை மூட்டைபோல் அடைத்துக்கொண்டு மலையேறும் ஜீப்புகளை மறித்து, தெருப் பெண்களோடு கம்பம்மெட்டு ரோட்டில் உட்கார்ந்தாள். அவை பலவேசத்தின் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள். அன்றிலிருந்து மலையம்மாளுக்கு எந்தத் தோட்டத்திலும் வேலையில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும். சொல்லாவிட்டால் சொல்ல வேறெதுவும் இல்லை. சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. இதுவும் கை நழுவினால் ஆவணியில் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

மலையம்மாள் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாண்டீஸ்வரி தனியாகத்தான் போனாள்.

பலவேசத்தின் வீட்டு ஹாலில் அவரும் மனைவி சுகிர்தமும் இருந்தார்கள். சுகிர்தம் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஊருக்கு என்னம்மா செஞ்சிருக்க?" என்றார் பலவேசம்.

மரக்கன்று நட்டதாக ஒரு பொய்யை வழியெல்லாம் ஜோடித்து வைத்திருந்தாள். சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் அது மறந்துபோனது. அது ஷீலா அக்கா. ஜெபஷீலா என்ற முழுப்பெயர் பாண்டீஸ்வரிக்குத் தெரிந்ததில்லை. மதுரையில் சட்டம் படிக்கிறேன் என்று சனிக்கிழமைதோறும் அவர்கள் ஊரான அனுமந்தன்பட்டிக்கு வந்து, கலெக்டருக்கு மனு எழுதித் தந்த ஷீலா அக்கா. மறியலுக்குச் சில வாரம் கழித்து வருவதை நிறுத்திவிட்டாள். பயந்து ஓடிவிட்டாள் என்று தெருவே ஏசியது. பாண்டீஸ்வரியும்தான் ஏசினாள்.

"அக்காவுக்கு என்னாச்சு?"

"மஞ்சக்காமால. அவள ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அதன்பிறகு எதையும் மறைக்க முடியவில்லை. ஜீப், தோட்டம், அம்மாவின் வேலை, எல்லாம் வந்துவிட்டது. "அக்காதான் ரோட்டுல மொதல்ல உக்காந்தாக. இது எங்கப்பா தோட்டம்னு ஒருநாளும் சொல்லல ஐயா."

"எம் மக ஹாஸ்டல்ல இருந்தா," என்றார் பலவேசம். "சனிக்கிழம படிக்கணும்னுதான் வீட்டுக்கே வரல. காசுக்காக செத்தவ மேல கத கட்டாத. எந்திரிச்சுப் போ."

"என்னைக் கட்டிக் குடுத்துருவாக ஐயா. எனக்கு வேற போக்கில்ல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தனக்காக அழுகிறாளா, அக்காவை ஏசியதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் மகளின் முகத்தைப் பார்த்த மலையம்மாள் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். கொஞ்ச நேரத்தில் சுகிர்தம் வந்தாள். காலில் செருப்பில்லை, வீட்டிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள். பெஞ்சில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள்.

"ஒங்க வீட்டுல அவ என்ன சாப்புட்டா?"

"கருவாட்டுக் கொழம்பும்மா," என்றாள் பாண்டீஸ்வரி. "கேட்டு வாங்கிச் சாப்புடுவாக."

"இங்கன தொடவே மாட்டாளே." சுகிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறு கை பாண்டீஸ்வரியின் மணிக்கட்டை இறுக்கியது. "இன்னும் சொல்லு. சிரிச்சாளா?"

கம்பம் பஸ் புழுதியோடு வந்து எதிரே நின்றது. கண்டக்டர் படியில் நின்று ஊர்ப் பெயர்களைக் கூவினார். மலையம்மாள் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, மகளைப் பார்த்தாள். பஸ்ஸின் கதவு திறந்தே இருந்தது. மணிக்கட்டைப் பிடித்த கை இன்னும் விடவில்லை.