இரண்டாவது தொலைபேசி எண்

1

இந்தக் கதை ஒரு குடை வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. குடை கிடைக்கவில்லை. முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

[மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், கடைசியில் இணையக் கடையையும்...]

அடித்துவிட்டேன். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது. முன்பெல்லாம் என் முதல் வரியைப் படித்ததும் "தூக்கிப் போடுடா" என்று சொல்ல ஒரு நண்பன் இருந்தான். இப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அது இங்கே வேண்டாம்.

2

எனக்கு இரண்டு அக்காக்கள். பெரியக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், சின்னக்கா வங்கியில். பதினான்கு மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. காரணம், சின்னக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மரப்பிடிக் குடை. பெரியக்கா அதை இரவல் வாங்கினாள். "திருப்பிக் குடுத்துட்டேன்" என்பது இவள் கட்சி. "குடுக்கவே இல்ல" என்பது அவள் கட்சி. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. இரண்டு வீட்டிலும் சாப்பிட வேண்டியவன்.

(ஒரு குடைக்காகவா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுச் சண்டையின் காரணத்தை முதலில் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.)

3

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியக்கா என்னைக் கூப்பிட்டாள். அதே மாதிரிக் குடை ஓர் இணையக் கடையில் இருந்தது. பெயர் போடாமல் சின்னக்கா வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம்.

"மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். குடை போய்ச் சேந்தா போதும்."

முகவரியை அடித்தாள். ஓர் எழுத்து தவறு என்றது பக்கம். அதைத் திருத்தியதும் மற்ற எல்லாம் அழிந்தன. பிறந்த தேதி கேட்டது. நாட்காட்டி இந்த மாதத்தில் திறந்தது. நாற்பத்தாறு வருடத்தை மாதம் மாதமாகப் பின்னால் தள்ளினாள்.

"குடை வாங்குறதுக்கு நான் எப்பப் பொறந்தா இவனுக்கு என்னடா?"

அடுத்து, சலுகைத் திட்டத்தில் சேரச் சொன்னது. மறுக்க ஒரே பொத்தான்: 'வேண்டாம், காசை வீணாக்கவே எனக்கு விருப்பம்.' பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

கடைசிக் கட்டம்: இரண்டாவது தொலைபேசி எண்.* என் எண்ணைப் போட்டாள். 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்றது. நான் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளன். நீங்களோ நானோ என்றால் வாய்க்கு வந்த எண்ணை அடித்துவிட்டுப் போவோம். இவள் ரத்தக் குப்பியில் பெயரை மூன்று முறை சரிபார்த்து ஒட்டுகிறவள். படிவத்தில் பொய் எழுத அவளுக்குக் கை வராது. மனப்பாடமாகத் தெரிந்த வேறு எண் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எழுதினாள்.

'இரண்டாவது எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பப்பட்டது. 120 வினாடிகள்.'

*நட்சத்திரம் இருந்தால் கட்டாயமாம். ரகசிய எண் ஏன் அங்கே போனது என்று என்னைக் கேட்காதீர்கள். நானே கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.

4

இந்த இடத்தில் எனக்குப் பெரியக்காமேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு வீறாப்புக்காரி போன் செய்வாளா? நான் எழுதிய முதல் பிரதியில் அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். நிஜத்தில், "மறுபடி மொதல்ல இருந்து நாப்பத்தாறு வருஷமா?" என்று அலறிவிட்டுச் சின்னக்காவை அழைத்தாள்.

"நான்தான். உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு."

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு இது. சின்னக்காவோ நாள் முழுக்க வங்கியில் உட்கார்ந்து, ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறவள்.

"ஓடிபி எல்லாம் சொல்ல முடியாது."

"அடியே, நான் உன் அக்காடி!"

"எல்லாத் திருடனும் இப்படித்தான் ஆரம்பிக்கிறான். இப்பல்லாம் குரலைக்கூட அப்படியே பண்றாங்க. நீ எங்க அக்காதான்னா, அவளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"என் குடையை எங்க தொலைச்ச?"

இன்னும் நாற்பது வினாடி. பெரியக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

[அவள் கண்களில் நீர் தளும்ப... இல்லை, தளும்பவில்லை.]

"பஸ்ல விட்டுட்டேன்டி. எறங்கினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அடுத்த ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே ஓடினேன். உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

"நீயா? ஓடினியா? மாடிப்படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குமே!"

சின்னக்கா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. 'நேரம் முடிந்தது' என்றது பக்கம். அதை யாரும் கவனிக்கவில்லை. ஐம்பது நிமிடம் பேசினார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சமையலறையில் போய் நின்று தனியாகச் சிரித்தேன்.

5

"மீதிய நீயே பாத்துக்கோடா" என்று குடைப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். என் கணக்கில் திறந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. அக்காக்கள் எண் இரண்டும் 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது.'

எனக்கும் மனப்பாடமாகத் தெரிந்த எண் இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரே ஓர் இலக்கம் தவிர அடித்துவிட்டேன். அந்த இலக்கத்தை அடிப்பேனா, அந்தத் 'தூக்கிப் போடுடா' நண்பன் போனை எடுப்பானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அப்படி ஓர் எண் தெரிந்திருக்கும்.

எடுத்தால் என்ன சொல்வது என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

"நான்தான். உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்."