கட்டியின் உரிமை

திருப்பூரில் இன்டர்நெட் இணைப்பு வாங்கினால் கூடவே ஓர் ஆளும் வருவார். வீட்டில் யாராவது திருட்டுப் படம் பார்க்கிறார்களா என்று தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது அவர் வேலை. அனுப்புவது படக் கம்பெனி. சாப்பாடு மட்டும் வீட்டுக்காரர்கள் போட வேண்டும்.

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் சௌடேஸ்வரியின் வீட்டுக்கு வாய்த்தவர் கனகசபாபதி. கண்ணியமான மனிதர். அவள் செல்போனை எடுத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்பார். வரும் வழியில் பஸ்ஸில் போட்ட புதுப்படத்தின் கதையை அவளுக்கு ஒன்றுவிடாமல் சொல்வார். அந்தப் படம் தியேட்டருக்கே வந்திருக்காது. பஸ் அவர் பொறுப்பில் இல்லை.

அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கணவன் குழந்தைவேலிடம் சொல்லவில்லை. ஈரோட்டில் இருக்கும் அக்காவுக்குச் செல்போனில் எழுதினாள். 'குளிக்கும்போது கையில தட்டுதுக்கா. அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.'

கனகசபாபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"படம் இல்லீங்க. அனுப்பிக்குங்க."

"இதையெல்லாமா சார் படிக்கோணும்?"

"படிச்சாத்தானுங்க அம்மணி படமா இல்லையான்னு தெரியும்? உங்க ரகசியம் பத்திரமா இருக்கும். மேலிடத்துக்கு மட்டும்தான் அனுப்புவேன்."

மேலிடத்தில் அதைப் படித்தவர்கள் எல்லோரும் அழுதார்களாம். பொங்கலுக்கு அது படமாக வந்தது.

குழந்தைவேல் அதை பஸ்ஸில் பார்த்துவிட்டுக் கண் சிவந்து வீட்டுக்கு வந்தான். "பாவம் அந்தப் பொம்பள. கட்டின புருஷன்கிட்டகூடச் சொல்லல. அவனெல்லாம் ஒரு மனுசனா?" என்றான்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று சௌடேஸ்வரிக்குத் தோன்றியது. "என்னங்க, குளிக்கும்போது..." என்று ஆரம்பித்தாள். கனகசபாபதி மெல்லச் செருமினார்.

"அந்த வசனம் இப்பக் கம்பெனியோடதுங்க அம்மணி. வேற ஏதாச்சும் பேசுங்க."

அவள் ரசம் வைக்கட்டுமா என்று கேட்டாள். குழந்தைவேல் வை என்றான்.

பங்குனியில் அவள் தனியாக டாக்டரிடம் போனாள். தனியாக என்றால், கனகசபாபதியுடன். வாயால் சொல்ல முடியாததால் விரலால் காட்டினாள். டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்து, முடிவு வந்ததும் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்துச் சிரித்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

சௌடேஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கும்பிடக் கையைத் தூக்கினாள்.

"மன்னிக்கோணும் டாக்டர்," என்றார் கனகசபாபதி. "படத்துல அந்தம்மா செத்துப் போயிடறாங்க. முடிவை மாத்தினா அது திருட்டுப் பதிப்பு."

டாக்டர் கூச்சத்தோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். தாளைத் திரும்ப வாங்கிப் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்.

"எப்போ?" என்று கேட்டாள் சௌடேஸ்வரி.

"படத்துல மழைக்காலமுங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். நல்ல வெயில். அரைநாள் லீவுதான் போட்டிருந்தாள். எழுந்து வேலைக்குப் போனாள்.