பிஸ்கட்டின் வாக்குமூலம்

கவர்னர் ஹாலிஸ் மாப்லி என் வான்கோழிக்கு மன்னிப்பு வழங்கப் போகிறார் என்று அவருடைய ஆபீஸிலிருந்து போன் வந்தபோது நான் தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மூட்டையைக் கீழே போட்டேன். சிரிப்பதா, போனைச் சுவரில் அடிப்பதா என்று தெரியவில்லை.

எங்கள் பக்கம் இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. நன்றி சொல்லும் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு வான்கோழி அடுப்பில் வேகும்போது, கவர்னர் மட்டும் ஒன்றே ஒன்றைப் பிடித்து மாளிகைப் புல்வெளியில் நிறுத்தி, "உனக்கு மன்னிப்பு" என்று சொல்லி உயிரோடு விடுவார். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டும். டிவியில் காட்டுவார்கள். இந்த வருஷம் எங்கள் பண்ணைக்கு அந்த யோகம் அடித்திருந்தது. வெர்னா ப்ரூவிட் என்று என் புருஷன் வழிப் பெயர்தான் அவர்களுக்குத் தெரியும். பிறந்த வீட்டுப் பெயர் ஸ்டோக்ஸ் என்று தெரிந்திருந்தால் எங்கள் வாசலை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டெல்பர்ட் ஸ்டோக்ஸ் என் தம்பி. அவனை ஜெயிலுக்கு அனுப்பித்தான் மாப்லி பெரிய மனிதர் ஆனார்.

அப்போது அவர் எங்கள் மாவட்டத்து அரசு வக்கீல். அந்தப் பதவிக்கும் ஓட்டு வாங்கித்தான் வரவேண்டும், தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பருத்தி ஜின்னிங் மில்லில் தீப்பிடித்து, உள்ளே படுத்திருந்த காவல்காரர் செத்துப்போனார். யாரையாவது பிடித்துக் காட்டியாக வேண்டும். டெல்பர்ட் அந்த மில்லில் வேலை பார்த்த பொடியன். முந்தின வாரம் மேனேஜரோடு வாய்த்தகராறு. போதாதா? விடிய விடிய உட்காரவைத்துக் கேட்டார்கள்.

எங்கள் அப்பா பெல்ட்டைக் கழற்றிச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. பெரியவர்கள் எது பேசினாலும், பேசி முடித்ததும் பையன் "யெஸ் சார்" சொல்லவேண்டும். பெண்பிள்ளை பேசினால் "யெஸ் மேம்". ஒத்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. காதில் விழுகிறது, மரியாதை தெரியும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் வளர்ந்தார்கள். மாப்லியும் அப்படித்தான் வளர்ந்தவர். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். தெரியாதவன் செய்திருந்தால் போய்த்தொலை என்று விட்டிருப்பேன்.

அந்த விசாரணையைப் பதிவு செய்த ஒலிநாடாவைக் கோர்ட்டில் போட்டார்கள்.

"மில்லுக்குள்ள நீ போன."

"யெஸ் சார்."

"மேனேஜர் மேல உனக்குக் கோவம்."

"யெஸ் சார்."

"நீதான் தீ வச்ச."

"யெஸ் சார்... ஐயோ, இல்ல சார், நான் வைக்கல சார்."

மாப்லி ஜூரியைப் பார்த்து, "முதல்ல வந்தது மனசாட்சி, பின்னால வந்தது பயம்" என்றார். அந்த ஜூரியில் இருந்தவர்கள் எல்லாம் நாள் முழுக்க யெஸ் சார், யெஸ் மேம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள். ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே! உறைக்கவில்லை. என் தம்பிக்கு ஆயுள் தண்டனை.

அதற்கப்புறம் அந்த மனிதர் நின்று திரும்பிப் பார்க்கவே இல்லை. "ஒத்துக்கொள்ள வைத்தவர்" என்று போஸ்டர் அடித்து முதலில் மாநிலத்துக்கே தலைமை வக்கீல், பிறகு கவர்னர். இப்போது வாஷிங்டன் மேல் கண். அந்த ஏணிக்கு முதல் படி என் தம்பியின் முதுகு.

டெல்பர்ட்டின் கருணை மனு எப்போது போனாலும் ஒரே பதில்தான் வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால் பரிசீலிக்கலாம். நான்கூட ஒருமுறை மனசு தளர்ந்து, "சொல்லித் தொலையேன்டா, வெளிய வந்துடலாம்ல" என்று கேட்டுவிட்டேன்.

"ஒத்துக்கிட்டேன்னு சொல்லித்தானேக்கா உள்ள போட்டாங்க?" என்றான். "செய்யாதத இன்னொரு தரம் வேற ஒத்துக்கணுமா? மாட்டேன் போ."

இந்த முறை எங்கள் வக்கீல் புதிதாக ஒரு மனு எழுதிக் கவர்னர் மேசைக்கு அனுப்பியிருந்தார். அதனால்தான் நான் போனிலேயே காறித் துப்பாமல் "சரிங்க" என்றேன். என் புருஷன் ராய்ஸ் பறவையைக் கூண்டில் ஏற்றும்போது சொன்னார்:

"இதபாரு வெர்னா, உன் வாய் எனக்குத் தெரியும். போட்டோவுக்குச் சிரி. தனியா மாட்டுனா தம்பியப் பத்தி ரெண்டு வார்த்த தன்மையா கேளு. அங்க போய் ஆடிடாத."

"நான் எங்கய்யா ஆடுறேன்?"

"இந்தா, இப்பவே ஆடுறியே!"

கூண்டில் இருந்தது எங்கள் பெரிய சேவல். பள்ளிப் பிள்ளைகள் அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்திருந்தார்கள். வான்கோழிச் சேவலுக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் பதிலுக்குக் கத்தியாக வேண்டும். கார்க் கதவைச் சாத்தினால் கத்தும், யாராவது தும்மினால் கத்தும். வழியெல்லாம் லாரி ஹாரனுக்குக் கத்திக்கொண்டே வந்தது.

மாளிகையில் எங்களை வரவேற்றது கென்ட்ரா என்ற உதவியாளர்ப் பெண். ஒளித்து வைத்துப் பேச எனக்கு வராது. நான் யாருடைய அக்கா என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"வெர்னாம்மா, கேமராவெல்லாம் வந்தாச்சு. கும்பிட்டுக் கேக்கறேன், விழாவுல ஒண்ணும் பேசிடாதீங்க. முடிஞ்சதும் உங்கள அவர் ரூமுக்கே கூட்டிட்டுப் போறேன். மனுவப் பத்தி நேர்ல பேசுங்க. இது என் வார்த்த."

நல்ல பெண். பொய் சொல்லுகிற முகம் இல்லை. சரி என்று தலையாட்டினேன். அந்த அறைக்குள் நுழைந்துவிட்டால் போதும், அவர் காலில் விழவும் நான் தயார்தான். அப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு புல்வெளிக்குப் போனேன்.

மாப்லி வந்தார். நரைத்த தலை, சிவப்பு டை, வெண்ணெய் தடவிய மாதிரி பேச்சு. டீச்சர் ஏதோ சொல்ல "யெஸ் மேம்" என்றார். சக்கர நாற்காலியில் இருந்த பாட்டி ஏதோ முணுமுணுக்க, குனிந்து "யெஸ் மேம்" என்றார். பாட்டி சொன்னது அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. எனக்கும் கை கொடுத்தார். பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு மேசைமேல் நின்ற பிஸ்கட்டிடம் போனார்.

"டேய் பிஸ்கட்! நான் பழைய அரசு வக்கீல். சும்மா விட்டுடுவேன்னு நெனச்சியா? குத்தத்த ஒத்துக்கிட்டாத்தான் மன்னிப்பு. சொல்லு, தோட்டத்துல பூந்து சோளத்தத் தின்னது நீதானே?"

மைக்கை அலகுக்கு முன்னால் நீட்டினார். பிஸ்கட் கழுத்தை நீட்டிக் களகளகளவென்று கத்தியது.

"ஒத்துக்கிட்டான்யா!" என்று கையை உயர்த்தினார் கவர்னர். "பாத்தீங்களா? என் கையில மாட்டுனவன் எவனும் ஒத்துக்காம போனதில்ல!"

புல்வெளி முழுக்கச் சிரிப்பு. கென்ட்ரா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தத்துக்குக் கத்துகிற பறவை! அதை வைத்து ஜோக் அடிக்கிறான் பாவி. என் தம்பியின் வாழ்க்கையே இவனுக்கு ஜோக். கென்ட்ரா சொன்ன அந்த ரூமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மைக்குக்கு முன்னால் போய் நின்றேன்.

"கவர்னர் சார், எனக்கு ஒரு வார்த்த."

"யெஸ் மேம்" என்று சிரித்தார்.

"நான் டெல்பர்ட் ஸ்டோக்ஸோட அக்கா."

சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. சுற்றிலும் கேமரா. "யெஸ் மேம்."

"அவன் மனு உங்க மேசையில கெடக்கு."

"யெஸ் மேம்."

மூச்சு விட நேரம் கொடுக்கவில்லை நான். எங்கள் அம்மா எங்களை அதட்டுவது போலவே அதட்டினேன்.

"அந்தத் தீய அவன் வைக்கலன்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும்!"

"யெஸ் மே..."

வாயை மூடிக்கொண்டார். ஆனால் வந்தது வந்ததுதான். நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"ஒத்துக்கிட்டார்!"

பிஸ்கட் களகளவென்று கத்தியது. ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது. மாப்லியின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏய், அது ஒத்துக்கிட்டதா ஆகாது! நீ பேசுறது காதுல விழுதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்! நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம், தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார்," என்றேன். "என் தம்பியும் அப்படித்தான் சொன்னான். உங்களுக்குத்தான் அன்னிக்கு அது தெரியாம போச்சு."

இரண்டு போலீஸ்காரர்கள் என் தோளைப் பிடித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். பிஸ்கட்டையும் கூண்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மன்னிப்பு கிடைத்ததா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. ராய்ஸ் வண்டியில் வைத்து என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "ஆடிட்ட" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமே மனு தள்ளுபடி. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லையாம், வருத்தமும் தெரிவிக்கவில்லையாம். காகிதத்தைக் கிழித்துக் கோழிக்கு அடியில் போட்டேன். ஆனால் கவர்னர் தன் வாயால் சொன்னதை, "நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றதை, எங்கள் வக்கீல் டிவிக்காரர்களிடமிருந்து வீடியோவாக வாங்கி, மறுவிசாரணை கேட்டுக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். பார்க்கலாம்.

மனு தள்ளுபடியான அன்று டெல்பர்ட் ஜெயிலிலிருந்து போன் பண்ணினான். எனக்குத்தான் அழுகை முட்டியது.

"உன் மனுவ நான் கெடுத்துட்டேனாடா?"

"விடுக்கா. அந்தாளு இருக்கறவரைக்கும் அது வெறும் காயிதம்." பிறகு சிரிக்கிற சத்தம் கேட்டது. "இங்க டிவியில போட்டுப் போட்டுப் பாத்தானுங்க. வார்டர் என்கிட்ட வந்து, 'ஏன்டா, அது உங்க அக்காவா?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"யெஸ் சார்னேன். இந்தத் தடவ நெசமாவே ஆமான்னுதான்க்கா சொன்னேன்."