சம்பளக்காரர் கண்ணுக்குத் தெரியாதவள்

பிறந்து பத்து நாள்கூட ஆகாத பெண் குழந்தைக்குப் பக்கத்தில், அதே கட்டிலில், அது போர்த்தியிருந்த துணியின் நுனிமேல் உட்கார்ந்துகொண்டு, குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரி கோங் அம்மாள், "குழந்தைய எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று பெய் கன்ஷெங்கைக் கேட்டாள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதுவும் அவள் காதில் விழவில்லை. கூட வந்த ஆட்கள் கோதுமைக் குதிருக்குள் எட்டிப் பார்த்தார்கள், பன்றிக் கொட்டகையில் கம்பு விட்டுக் குத்தினார்கள், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். கட்டிலுக்கு மேலே இருந்தது ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. மஞ்சள் ஆற்றுக்குத் தெற்கே லியூவா கிராமத்தில், வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்று சுவருக்குச் சுவர் ஆளுயர எழுத்தில் எழுதிப் போட்டிருந்த காலத்தில் இது நடந்தது. கன்ஷெங்குக்கு ஏற்கெனவே தாவ் என்று ஆறு வயதில் ஒரு பையன் இருந்தான். பிள்ளை கிடைக்காவிட்டால் என்ன, பெண்டாட்டி ஜின்ஹுவாவின் வயிறு வற்றியிருந்ததே, அது போதாதா? பன்றியை ஓட்டிக்கொண்டு போனார்கள், கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். ஜின்ஹுவாவை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கருக்குழாயை அறுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் முதுகு நிமிரவே இல்லை.

குழந்தை கோதுமை மணி பால் பிடிக்கிற நாளில் பிறந்ததால் அந்த நாளின் பெயரையே வைத்து சியாவ்மன் என்று கூப்பிட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள். முடிவெட்டுகிறவனுக்குத் தெரிந்தாள், தர்பூசணி வியாபாரிக்குத் தெரிந்தாள். தபால்காரனுக்குத் தெரியவில்லை, மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவனுக்குத் தெரியவில்லை. லீவில் வந்த பட்டாளத்துக்காரன் ஒருவன் சைக்கிளை அவள் மேலேயே ஏற்றிவிட்டு, கல் தட்டியதாகச் சொல்லிக்கொண்டு போனான். அரசாங்கச் சோறு தின்கிற கண்ணுக்கு அவள் தெரிய மாட்டாள் என்பது இப்படித்தான் ஊருக்கு விளங்கியது. யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. வயிற்றில் இருப்பது பெண் என்று மெஷின் சொன்னதும் கலைத்துவிட்டு வந்த வீடுகள் அந்த ஊரில் ஏராளம். ஒரு பெண் பிழைத்துக் கிடந்தால் எப்படிப் பிழைத்தாள் என்று கேட்க யாருக்கு வாய் வரும்? பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கன்ஷெங் அண்ணே, உம் மக கெட்டிக்காரி. வரி வசூல் அன்னிக்கு மட்டும் எனக்கும் அந்த வித்தையக் கத்துக் குடுக்கச் சொல்லேன்" என்பான்.

பள்ளிக்கூடத்துக்கும் போனாள். ஹூ வாத்தியாருக்கு அப்போது ஊர்தான் கோதுமை அளந்துகொண்டிருந்தது, அரசாங்கச் சம்பளம் கிடையாது. அதனால் அவருக்கு அவள் தெரிந்தாள். வகுப்பிலேயே அழகான கையெழுத்து என்று நோட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவர் பரீட்சை எழுதி அரசாங்க வாத்தியார் ஆகிவிட்டார். உத்தரவு வந்த அன்று காலையில் அவள் எழுந்து நின்று பாடம் ஒப்பித்தாள். அவர் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, பின்பெஞ்சு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தன. அவள் பாடத்தை முழுவதும் ஒப்பித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள், பிறகு போகவில்லை. தாவ்தான் தன் புத்தகங்களை வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். தன் கிண்ணத்து முட்டையை அவள் கிண்ணத்தில் போட்டவனும் அவன்தான். ஜின்ஹுவா மாவட்ட ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சியாவ்மன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வந்து அவள் மடிமேலேயே உட்கார்ந்து ஊசி போட்டுவிட்டு, "இந்த ஸ்டூல் ஏன் இப்படிச் சுடுது?" என்றாள். தாவ் அதைப் பார்த்தான். இதற்கெல்லாம் அரசாங்கத்துக்கு உள்ளே போய்த்தான் ஒரு வழி செய்ய வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினான்.

அவன் படித்து, பரீட்சை எழுதி, வட்ட அலுவலகத்தில் குடும்பப் பதிவு மேசைக்கே வேலை வாங்கிவிட்டான். ஊரே பட்டாசு வெடித்தது. கன்ஷெங் மட்டும் சாராயத்தைத் தொடவில்லை.

"போகாதடா" என்றார். "ஹூ வாத்தியாருக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?"

"உள்ள ஆள் இல்லாம பதிவுல அவ பேர் ஏறாதுப்பா. நானே எழுதிட்டா எல்லாருக்கும் தெரிவா, எனக்கும் தெரிவா. கொஞ்ச நாள் பொறுத்துக்க."

"அரசாங்கத்தோட கொஞ்ச நாள் எவ்வளவுன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

சியாவ்மன் அண்ணன் தட்டில் இறைச்சிக் கொழுக்கட்டைகளை அடுக்கினாள். "போண்ணா. உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கும் சலிச்சுப் போச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவனுடைய புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்தாள், தேவைக்கு மேல் ரொம்ப நேரம்.

முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு தாவ் வீடு வந்தான். முற்றத்தில் அவள் நின்றாள். அவள் பக்கமாகவே நடந்து வந்து, தோளை இடித்துக்கொண்டு, தூண் இடித்ததாக நினைத்துத் தேய்த்துக்கொண்டான். பிறகு நின்றான். "அப்பா, மன் எங்கே?" என்று கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டான். எதிரே அவளும் உட்கார்ந்தாள்.

அவன் நினைத்தபடி பெயர் ஏறவில்லை. ஆளைப் பார்க்காமல் பதியக் கூடாது என்று விதி. பார்க்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். வருஷங்கள் போயின. திடீரென்று அரசாங்கத்துக்குப் பிள்ளை போதவில்லை. வீட்டுக்கு இரண்டு பெறலாம் என்று சுவரெழுத்தை மாற்றினார்கள், விடுபட்டவர்களை எல்லாம் பதியலாம் என்று உத்தரவும் வந்தது. கன்ஷெங் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார். படத்தில் நாற்காலி மட்டும் விழுந்தது. தாவ் மேலதிகாரியிடம் கெஞ்சினான், மேசையை ஓங்கிக் குத்தினான். மேலதிகாரி கெட்டவன் இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நாற்காலிக்கு நான் எப்படிப்பா அடையாள அட்டை போடறது?" என்றான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாவ் வருவான். மேசையில் மூன்று கிண்ணம் இருக்கும். அவன் காலி நாற்காலியைப் பார்த்துப் பேசுவான்; சியாவ்மன் சொல்கிற பதிலைக் கன்ஷெங் வாங்கி அவனிடம் சொல்லுவார். "குண்டாயிட்டியாம்." "தலைமுடிய வெட்டச் சொல்றா." அவள் அழுத நாட்களில் அவராக எதையாவது சொல்லிச் சமாளிப்பார். அறுபது வயதானதும் அவருக்கு முதியோர் உதவித்தொகை வந்தது. அரசாங்கம் சும்மா கொடுப்பதை வேண்டாம் என்கிறாரே என்று ஊர் சிரித்தது. இவனுங்க கொடுக்கிற காசில் மகளைப் பார்க்கிற கண் போகும் என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போடவில்லை.

ஒரு அறுவடை முடிந்ததும் சியாவ்மன் தெற்கே கிளம்பினாள். அங்கே செருப்பு ஆலை முதலாளிகள் தனியார்தான், அவர்கள் கண்ணுக்குத் தெரிவாள். "டிக்கெட் கேக்கறவன் கண்ணுக்குத்தான் நான் தெரிய மாட்டேனே, காசு மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே ரயிலேறினாள். "அண்ணன்கிட்ட இப்பச் சொல்லாதப்பா. சொன்னா வேலைய விட்டுட்டு வந்து நிப்பான்."

அவள் கடிதம் போட்டிருப்பாள். தபால் அரசாங்கத்துடையது. போன் செய்திருப்பாள். அதுவும் அரசாங்கத்துடையது, சில நாட்களில் மணி அடிக்கும், எடுத்தால் வெறும் இரைச்சல். கன்ஷெங் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பார். வயல் நிலவரம், மழை நிலவரம் எல்லாம் சொல்லிவிட்டு வைப்பார். அவள் இருக்கிறாளா, இல்லையா, கல்யாணம் ஆனதா என்று தெரிய வழி இல்லை. போய் நாலு அறுவடை ஆகிவிட்டது, தாவிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. உதவித்தொகைக்காரன் வருஷா வருஷம் காகிதத்தோடு வருகிறான், அவர் வருஷா வருஷம் துரத்துகிறார். அவள் திரும்பி வந்து வாசலில் நின்றால் பார்க்க வீட்டில் ஒரு கண்ணாவது வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமையும் தாவ் வந்தான். வெங்காயத்தாள் போட்ட கொழுக்கட்டை வாங்கிவந்து மூன்றாவது கிண்ணத்தில் முதலில் பரிமாறினான். நாற்காலியைப் பார்த்து, "பிடிச்சிருக்கா மன்?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கன்ஷெங் அந்தக் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, சத்தமில்லாமல் மென்று விழுங்கினார்.

"உப்பு கம்மியாம்" என்றார்.

"அடுத்த வாரம் வேற கடையில வாங்கறேன்னு சொல்லுப்பா" என்றான் தாவ்.