துஷாந்தியின் அட்டை

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் குணரத்தினத்தின் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் சிவாஜினியை எல்லோரும் துஷாந்தி என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியம்மாவின் மகள் துஷாந்தியின் வதிவிட அட்டையைக் காட்டித்தான் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இருவருக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. மற்றதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உண்மை தெரிந்தவர் முதலாளி ஒருவர்தான்.

துஷாந்திக்கும் இதில் தேவை இருந்தது. ஊரிலிருக்கும் புருஷனை இங்கே எடுப்பிக்கப் பன்னிரண்டு மாதச் சம்பளச்சீட்டுக் காட்ட வேண்டும். அவளோ வில்லியே லே பெல் புறநகரில் இருவரும் இருந்த வீட்டில் அயலவரின் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்குச் சீட்டுக் கிடையாது. சிவாஜினியின் உழைப்பில் அவள் பேருக்கு எட்டுச் சீட்டு சேர்ந்திருந்தது.

சிவாஜினி தஞ்சம் கேட்டும் எட்டு மாதம் ஆகியிருந்தது. விசாரணை முடிந்து ஆறு கிழமை. முடிவு எந்த நாளும் வரலாம். அப்போதுதான் ஜெனவியேவ் மேடத்தைப் பார்க்கப் போனாள். புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற அரசு உத்தியோகத்தர், செவ்வாய்தோறும் அகதிகளுக்கு உதவும் ஒரு சங்கத்தில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுப்பவர். ஆறு மாதம் கடந்தும் முடிவு வராவிட்டால், வேலை தருகிறவர் மூலமாக வேலை அனுமதி கேட்கலாம் என்று அவர் விளக்கினார். இரண்டு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்த மாதிரித்தான்.

"ஆனா இப்பவே கேக்கணும்மா. ரெஃப்யூ, அதான் மறுப்பு, வந்துட்டா அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

வெளியே வந்து நடக்கும்போது, தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்பதைச் சிவாஜினி கவனித்தாள். கடைச் சமையலறையில் அவள் துஷாந்தியாக இருந்தாள்; அந்தத் துஷாந்தி பகிடி விடுவாள். கூட வேலை செய்யும் சேந்தன் ஊற்றும் தோசையைப் பார்த்து இது எந்த நாட்டு வரைபடம் என்று கேட்பாள். சிவாஜினி அப்படிப்பட்டவள் அல்ல. அவள் தஞ்சம் கேட்டுக் கொடுத்த பதினாறு பக்க வாக்குமூலத்துக்குள் இருந்தாள். ஊரில் நடந்ததெல்லாம் அவளுக்குத்தான் நடந்தது. அவளை எதற்குக் கடைக்குக் கூட்டிவர வேண்டும்? இப்படி நினைத்தபடியே ரயில் பாலத்தடி வரை வந்துவிட்டாள்.

போன மாதம் கொதி எண்ணெய் மணிக்கட்டில் தெறித்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேலையில் பட்ட காயம் என்றால் துஷாந்தியின் பேரில் பதிவார்கள். துஷாந்தியின் கையிலோ காயம் இல்லை. அன்று இரவு முழுக்க எரிந்தது யாருடைய கை என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

குணரத்தினம் வேலை தருவதாகக் கடிதம் தரச் சம்மதித்தார். ஆனால் அவளுடைய சொந்தப் பேர் பிரெபெக்தூர் என்ற அரசு அலுவலகத்துக்குப் போனபிறகு, பதில் வரும்வரை கடைப்பக்கம் வரக்கூடாது என்றார்.

"ஒரு முகத்துக்கு இரண்டு பேர் வைச்சு என்னாலை கடை நடத்தேலாது, பிள்ளை."

வீட்டில் சொன்னபோது துஷாந்தி பிள்ளைகளின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாதம்தானே. பொறுக்கேலாதோ?"

"அதுக்குள்ளை மறுப்பு வந்தால், அக்கா?"

"வந்தால் என்ரை அட்டையிலையே வேலை செய். இவ்வளவு நாளும் என்ரை பேர் உனக்குக் கைச்சதோ?"

"கைக்கேல்லை," என்றாள் சிவாஜினி. "அதுதான் பயமாக் கிடக்கு."

துஷாந்தி மடித்ததையே இன்னொரு முறை மடித்தாள். சிவாஜினி அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். செவ்வாய்க்கிழமை ஜெனவியேவ் மேடம் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். தன் பேரில் கையெழுத்து வைத்துப் பல மாதமாகியிருந்ததால் அது கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.

புதன்கிழமை விடிய எழும்பியபோது துஷாந்தி கோட்டுப் போட்டு நின்றாள். சின்னவளுக்குப் பத்து மணிக்குப் பால், பெரியவனுக்கு முட்டை கொடுக்காதே, ஒத்துக்கொள்ளாது என்றாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை. மேசையில் இருந்த அட்டையைக் கைப்பைக்குள் வைத்ததைப் பார்த்ததும் சிவாஜினிக்கு விளங்கிவிட்டது. இன்னும் வேண்டிய நாலு சீட்டுக்கு இனி அவளே கடைக்குப் போகிறாள்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. பின்னால் பாத்திரச் சத்தம்.

"இஞ்சை சேந்தன் எண்டொருத்தன் என்னைப் பாத்து, துஷாந்தி எங்கை எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?"

குரலில் இருந்தது கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. சின்னவள் சிவாஜினியின் காலைப் பிடித்து எழும்பப் பார்த்தாள்.

"அவ வேலையாலை நிண்டிட்டா எண்டு சொல்லுங்கோ, அக்கா."



"சரி," என்றாள் துஷாந்தி. "தோசை மாவுக்கு எவ்வளவு உப்புப் போடுறனீ?"

சிவாஜினி சொல்லிக் கொடுத்தாள்.